சிங்கப்பூரில் எங்களுக்குப் பதினாறாம் நாள்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே நான் எந்திரிச்சுப் போயிடுற ஆளு டீச்சர். எங்க மாமியார் செத்த ரூம்லயே மறுநாள் தனியாப் படுத்துக் குறட்டை விட்டவ. மந்திரிக்கிறது, கயிறு கட்டுறது எதுக்கும் ஒரு ரூபா கொடுத்ததில்ல. நீங்க சுவாலஜி சொல்லிக் கொடுத்தவங்க, மனசுக்குள்ள சிரிப்பீங்க. சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எனக்கு ஒரு மக இருந்தா. இருக்கா. எதைச் சொல்றதுன்னு எனக்கே தெரியல. நீங்க மாற்றலாகி பாபநாசம் போனதுக்கு அப்புறம் நடந்த கதை இது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க வயல்ல வேலை பார்த்தவர் மகன், ஐ.டி.ஐ. படிச்சிட்டு ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி சிங்கப்பூருக்கு வெல்டரா போனவன், லீவுல வந்தான். இவளும் அவனும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நம்ம ஊரைப் பத்திச் சொல்லணுமா, சாயங்காலத்துக்குள்ள டீக்கடை பூரா அதே பேச்சு.

எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா, நேரா பிரஸ்ஸுக்குப் போயி அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சிட்டாரு. உயிரோட இருக்கிற பொண்ணுக்கு! எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் அவரைத்தான் சொல்லுவாங்க. ஆனா போட்டோ எடுத்துக் கொடுத்தது நான். பசை காய்ச்சினதும் நான்தான், ரெண்டு கிலோ மைதா, மயில்துத்தம் போட்டுக் கட்டி தட்டாமக் கிண்டிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து தெப்பக்குளம் வரைக்கும் ஒட்டுனாங்க. அவ மாமனார் வீட்டு வாசல்ல ரெண்டு சேத்து ஒட்டுங்கன்னு சொல்லியனுப்பினதும் நான்தான். அன்னைக்கு எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு டீச்சர், பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. பதினாறாம் நாள் காரியம் பண்ணி, ஊரைக் கூப்பிட்டு வடை பாயசத்தோட சாப்பாடு போட்டோம். அவ போட்டோ, சர்டிபிகேட், பாவாடை தாவணி எல்லாம் அடுப்புல போச்சு. அன்னையிலேருந்து பஸ்ல, ஆஸ்பத்திரியில, கல்யாண வீட்டுல யாரு கேட்டாலும் எனக்கு ஒரே பையன்.

பதினாலு வருஷம் ஓடிப்போச்சு. அதே சிங்கப்பூர்ல எங்க பையனுக்கும் கம்ப்யூட்டர் வேலை கிடைச்சுது. மருமக மாசமா இருந்தா, ஒத்தாசைக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிட்டான். காலையில ரெண்டும் வேலைக்குப் போனா பொழுது சாஞ்சாத்தான் வரும். இவருக்கு சுகர், நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதைச் சாக்கா வச்சு தினம் ஒரு பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போவேன். தேக்கா மார்க்கெட்டு, சிராங்கூன் ரோடு, பின்னாடி சந்து பொந்து, ஒண்ணு விடல. அவரு கட்டடத்தை அண்ணாந்து பாத்து எத்தனை மாடின்னு எண்ணுவாரு. நான் முகத்தைப் பாப்பேன். அவளும் இங்கதான் இருக்கான்னு காதுல விழுந்திருந்துச்சு, ஆனா வீட்ல அவ பேச்சை எடுக்கக் கூடாது.

தாய் மனசுன்னு நெனச்சுடாதீங்க. மொதல்ல அவ கஷ்டப்படுறாளான்னு பாக்கத்தான் தேடினேன். கஷ்டப்பட்டா எனக்கு ஆறும். நடக்க நடக்க அந்த நெனப்பு போயிடுச்சு. ஒரு தடவை அவ முகத்தைப் பாத்தாப் போதும், வேற எதுவும் வேணாம்னு ஆயிடுச்சு, ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்னைக்குப் பகல் பதினோரு மணி இருக்கும், நல்ல வெயிலு. மூணு நாள் முன்னாடி பையன் அவருக்கு ஒரு நீலக் கலர் தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தான், கிரிக்கெட் ஆடுறவன் போடுற மாதிரி, அதை மாட்டிக்கிட்டு முன்னால போறாரு. திடீர்னு நின்னுட்டாரு. சுவத்துல ஒரு போஸ்டர். எச்சி துப்பினாலே அபராதம் போடுற ஊரு டீச்சர், சுவத்துல ஒரு துண்டுக் காகிதம் பாக்க முடியாது. அங்க நம்ம ஊரு மாதிரியே, கறுப்பு பார்டர் போட்டு, கண்ணீர் அஞ்சலி.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, அதுல இருந்தது எங்க ரெண்டு பேரு படம். அவரு அந்த நீலத் தொப்பியோட இருக்காரு. எங்க ரெண்டு பேரு பேரு, ஊரு, 'எங்களை விட்டு மறைந்தீர்களே'ன்னு அவரு அன்னைக்கு பிரஸ்ல எழுதிக் கொடுத்த அதே வரி. கீழ 'துயருடன், மகள்'னு போட்டு அவ பேரு. நல்லாப் படிச்சேன், கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன்.

அவரு பயப்படல, கோவம்தான் வந்துச்சு. "அவ வேலைதான். இரு, போலீஸ்ல கொடுத்து உள்ள தள்ளுறேன்"னு நகத்தால சுரண்டுனாரு. தொட்டுப் பாத்தேன், பசை வெதுவெதுன்னு இருந்துச்சு. காய்கறிப் பையோட ஒரு தமிழ்ப் பொண்ணு வந்துச்சு. "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரும்மா"ன்னேன். அது சுவத்தைப் பாத்துச்சு, எங்களைப் பாத்துச்சு. "சுவரு ஈரமா இருக்கு ஆன்ட்டி, கையை வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

அடுத்த முக்குல இன்னொண்ணு. அதுக்கடுத்த முக்குல இன்னொண்ணு. அப்படியே பின்னாடியே போனோம், அவரு திட்டிக்கிட்டே வராரு, அவ கிட்டக்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுக்குமாடி வீடுங்களுக்கு அடியில திறந்த இடம் விட்டிருப்பாங்க அங்க, கல்யாணம், சாவு எல்லாம் அதுலதான். அங்க வரிசையா மேசை நாற்காலி போட்டு, தமிழாளுங்க நூறு பேரு, இலை போட்டாச்சு. முன்னால எங்க படம், மாலை போட்டு, விளக்கு எரியுது. ஒருத்தர் வந்து, "உக்காருங்க, முதல் பந்தி"ன்னாரு.

நான் உக்காந்தேன். ஏன்னா வாளியும் கரண்டியுமா அந்த வரிசையில பரிமாறிக்கிட்டு வந்தது என் மக.

காதோரம் நரைச்சிருந்துச்சு. ஆனா அவதான். பெத்தவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு இலையா வந்து என் இலையில சாம்பார் ஊத்தினா. என் கண்ணை நேராப் பாத்தா. அதுல கோவம் இல்ல, வெறுப்பு இல்ல, தெரிஞ்ச மாதிரியே இல்ல.

"ஊர்லேருந்து வந்திருக்கீங்களாம்மா?"

"ஆமா. மன்னார்குடி."

"எங்கப்பா அம்மாவுக்கும் அந்தப் பக்கந்தான். நல்லா சாப்பிடுங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பையன்"னு சொல்லிட்டேன் டீச்சர். நான் சொல்லணும்னு நெனச்சு சொல்லல. பதினாலு வருஷமாச் சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி, அதுவாச் சொல்லிடுச்சு. பக்கத்துல இவரும் தலையாட்டி, "ஆமாம்மா, ஒரே பையன்தான்"ங்கிறாரு.

"அப்படிங்களா"ன்னா. கரண்டியை வாளியில விட்டுக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டா.

பிசைஞ்ச சோத்தை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சேன். பேரு சொல்லிக் கூப்பிட வாயைத் தொறந்தேன். வரல. அரை மணி நேரத்துக்கு முன்னாடி போஸ்டர்ல படிச்ச பேரு, நான் பெத்து நான் வச்ச பேரு, வரல. "என்னங்க, அவ பேரு என்னங்க, சட்டுனு சொல்லுங்க"ன்னு இவரைப் புடிச்சு உலுக்குறேன். அவரு என்னையே பாக்குறாரு, உதடு மட்டும் அசையுது. திரும்பினா அந்த இடத்துல யாரும் இல்ல. நாற்காலி இல்ல, வாளி இல்ல, கழுவி விட்ட மாதிரி தரை. எச்சிக் கையோட நின்னோம். விரல்ல சோத்துப் பருக்கை ஒட்டியிருந்துச்சு.

ராத்திரி பையன்கிட்ட நடந்ததைச் சொன்னேன். கடைசியா, "உங்கக்கா பேரு என்னடா?"ன்னு கேட்டேன். "எனக்கு ஏதும்மா அக்கா? வெயில்ல ரொம்ப சுத்தாதீங்க"ன்னான். போஸ்டர் ஒட்டுனப்ப ஒம்பதாவது படிச்சவன் டீச்சர், வெவரம் தெரிஞ்ச வயசு. விளையாடுறான்னு நெனச்சு அறைஞ்சிட்டேன். அவன் அழுதுட்டான், மருமக அன்னையிலேருந்து என்னை ஒரு மாதிரிதான் பாக்குறா.

ஊருக்கு வந்து சொந்தக்காரங்களைக் கேட்டேன், பிரஸ்காரரைக் கேட்டேன். உனக்கு ஒரே பையன்தானேங்கிறாங்க. அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு வாய் கூசாமப் பேசுன பொம்பளைங்களுக்கே ஞாபகம் இல்ல. மானத்தை விட்டுட்டு அந்த வெல்டர் பையன் வீட்டுக்கும் போனேன், அந்தத் தெருவுல நான் கால் வச்சது அதுதான் முதல் தடவை. சேர் போட்டு உக்கார வச்சாங்க. "எங்க மகன் கல்யாணமே வேணாம்னு இருக்கானுங்களே"ன்னாங்க.

இவரு போன தையில போய்ச் சேந்துட்டாரு. கடைசி மூணு நாளும் என் கையைப் புடிச்சுக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டே இருந்தாரு. தண்ணி கேக்குறாருன்னு பையன் ஊத்தினான். தண்ணி இல்லன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப அப்படி ஒருத்தி பொறந்தான்னு சொல்ல இந்த உலகத்துல நான் ஒருத்திதான். எனக்கும் கொஞ்ச நாளா அவ முகம் கலங்குது.

நீங்க ரிட்டயர் ஆகி திரும்ப இங்கயே வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தேன். பிளஸ் டூவுல அவளுக்கு நீங்கதான் கிளாஸ் டீச்சர். மூணாவது பெஞ்சு. தவளையை அறுக்கச் சொன்னீங்கன்னு வீட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுத்துக்கிட்டா, மறுநாள் நானே வந்து உங்ககிட்ட சண்டை போட்டேன். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? அப்ப அவளையும் இருக்கும். பேரை மட்டும் சொல்லுங்க, நான் எழுதி வச்சுக்கிட்டுப் போயிடுறேன். அவசரமில்ல, நல்லா யோசிச்சே சொல்லுங்க.

ஏன் டீச்சர் என்னையே பாக்குறீங்க?