அன்னபாக்கியத்தின் தகப்பன் பெயர்

பக்கத்து அறையில் யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. மின்சாரம் போய்விட்டது. கமலாசனி எழும்பவில்லை. எதிர்க் கதிரையில் நிரஞ்சன் வியர்த்துப்போய் இருக்கிற காட்சியை விட்டு அவளுக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

"உள்ள அது கத்துது," என்றான் அவன்.

"கத்தட்டும். வந்த கதையைச் சொல்லுங்கோ."

போன வருடம் வரை வவுனியாவில் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. சண்டையில் சிதறிய குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடுவதற்கு ஓர் இணையத்தளம் அமைத்தார்கள். யார் எங்கே ஒதுங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். கண்டவன் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கமலாசனி, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தைத் தன் கையாலேயே எழுதினாள்.

மென்பொருளோடு ஆயத்தமாக வரும் கடவுச்சொல் பெட்டியைப் போட்டாலே போதும் என்றான் நிரஞ்சன். அதில் நியாயம் இருந்தது. பலர் சோதித்த பூட்டு அது. ஆனால் அவன் நியாயத்தோடு நிற்கவில்லை. பணிப்பாளர் பொன்னையாவின் முன்னால், "இது கமலா வீட்டுப் படலை சேர். ஆடு முட்டினாலே திறக்கும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுதிய பக்கத்தைத் தூக்கிவிட்டு அவன் சொன்ன பெட்டியையே போட்டார்கள்.

அவளுக்கும் அவனுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்த காலம் அது. முதலில் அவளுடைய வேலை போனது. பிறகு அவனுடைய தாய் அன்னபாக்கியம் வந்து, வேலையில்லாத பெட்டை தங்களுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனா. தலையணை நனைய நனைய அழுதாள் கமலாசனி. கண்ணீர் வற்றிய இடத்தில் வேறொன்று முளைத்தது.

ஒருநாள் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தாள். கடவுச்சொல்லை மறந்தவர்களிடம் ஆயத்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்டது. தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன? வெள்ளைக்காரருக்காகச் செய்த கேள்வி. எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் ஏது? எல்லோரும் தாயின் தகப்பன் பெயரைத்தான் எழுதுவார்கள். அது ஊருக்கே தெரிந்த பெயர்.

இன்று காலை பொன்னையாவின் கண்முன்னே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி, நிரஞ்சனின் கணக்கைத் திறந்து காட்டினாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் நிரஞ்சன்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, இப்ப நீங்கள் இருக்கிற கதிரையில இருந்துதானே உங்கட அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னவா, தான் மாங்குளம் சின்னராசாவின்ர மகள் எண்டு. நான் மறக்கேல்லை."

அவன் குரல் தாழ்ந்தது. "பாஸ்வேர்ட் நான் தந்ததுதான் எண்டு சேரிட்டச் சொல்லும், கமலா. கேள்வியை மாத்தினால் சரிதானே. பெட்டியில பிழை இல்லை."

"ஓம், பெட்டி நல்ல பெட்டி. நானே சேரிட்டச் சொன்னனான். அதையே வைச்சிருப்பம், கேள்வியை மட்டும் நான் மாத்தித் தாறன் எண்டு."

"அப்ப நான்?"

"பெட்டி இருக்கும். நீங்கள்தான் இனி அங்க இல்லை."

குசினிக்குள் இருந்து தாய் சிவலட்சுமி கேட்டா. "பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அம்மா. அவர் வெளிக்கிட்டுட்டார்."

அவன் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டான். அவள் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"படலையைப் பாத்துத் திறவுங்கோ. ஆடு முட்டி ஆடிப்போய்க் கிடக்கு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.