வியாழன் மாலை யாருடையது

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். பெயர்தான் மேனேஜர், தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் முதலாளிக்கு ஆசை வந்து, வாடகை, கரண்ட், அறைச் சாவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கினார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே கார்டில் பணம் கட்டட்டும் என்று ஆன்லைன் பேமென்ட்டையும் அதோடு இணைக்கச் சொன்னார். சென்னை இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து பாதி விவரம் சொன்னது நான்தான். கொஞ்ச நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதுவரை நான் புக்கிங் நோட்டைப் பார்த்துச் சரி என்றால்தான் தேதி உறுதி. இணைத்த பிறகு, பணம் விழுந்த நொடியில் தேதி தானே பூட்டிக்கொண்டது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். நானே முன்பணம் கட்டி, நானே கம்ப்யூட்டரில் வெள்ளி என்று பதிந்தேன். வெள்ளி முகூர்த்தம் என்றால் வியாழன் மாலையிலிருந்தே மண்டபம் நம்முடையது. எங்கள் பக்கம் இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. அதனால் இன்ஜினியரிடம் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்கு நாள் நடுராத்திரியில்தான் தொடங்குகிறது. காலியாகத் தெரிந்த வியாழனை அமெரிக்காவில் இருந்த ஒருவன் தன் ரிசப்ஷனுக்குப் பணம் கட்டி எடுத்துவிட்டான். நான் கவனித்தபோது இரண்டு வீட்டாரும் பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள்.

ரத்து செய்யும் பொத்தான் என் லாகினில் மட்டும்தான் இருந்தது. மவுஸை அதன் மேல் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

"அழுத்திடுவியா?" என்றார் முதலாளி. "பணம் வந்தாச்சு, ரசீது போயாச்சு. தங்கச்சிக்காக அடுத்தவன் வூட்டு விசேஷத்த நிறுத்திட்டான்னு ஊரே பேசும். அப்புறம் நான் வேற மேனேஜரத்தான் பாக்கணும்."

அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கல்யாணமே. ரிசப்ஷன்காரர்களிடம் கெஞ்சியதில், வியாழன் இரவு ஒன்பது மணிக்குக் காலி செய்து தருவதாக ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் சொன்னேன். மிச்சமிருந்த கல்யாண வேலை எதையும் என்னிடம் விடாமல் அப்பா தானே அலைந்தார்.

வீட்டிலிருந்து கிளம்ப நல்ல நேரம் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் என்று ஜோசியர் குறித்துவிட்டார். எனவே மணப்பெண்ணோடு வேன் ஆறு மணிக்கே மண்டபத்துக்கு எதிரில் வந்து நின்றது. நான் வாசலில் நின்று யார் வீட்டு விருந்தாளிகளுக்கோ வணக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போகவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை.

ஏழரை மணிக்கு ரிசப்ஷன் மாப்பிள்ளையின் அப்பா, பட்டும் பூவுமாக வேனில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு வேகமாக ரோட்டைத் தாண்டிப் போனார். நல்ல மனிதர். ஒன்பதுக்கு மேல் வரவேண்டியவர்கள் இப்போதே வந்திருப்பார்கள் என்று தோன்றாமல், தங்களுக்கு வந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார்.

"ஏங்க வெளியவே உக்காந்துனு இருக்கீங்க? வாங்க, வந்து சாப்டுங்க. மேனேஜர், இவங்களப் பந்தியில உக்கார வைங்க" என்று என்னிடமே ஒப்படைத்தார்.

அப்பா இறங்கவில்லை. தங்கை இறங்கினாள்.

"பசிக்குதுண்ணா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

நகை தெரியாமல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, மறுநாள் தனக்குத் தாலி ஏறப்போகும் மண்டபத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான்தான் பரிமாறினேன். வெளியே வரும்போது எல்லாருக்கும் கொடுப்பதுபோல் அவள் கையிலும் ஒரு தாம்பூலப் பை கொடுத்தார்கள். அதில் வேறு மணமக்களின் பெயர்.

"இத எங்கண்ணா வைக்கிறது?" என்று என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.