மஞ்சள் அம்பு போட்ட ஒன்பது கற்கள்

"நான் தொடவே இல்ல காக்கா. நீதான் மாத்தி வச்சிருப்ப."

"மாத்தியா? அம்பைக் கடல் பக்கம் காட்டி வச்சேன் புள்ள. இப்ப காட்டைக் காட்டுது."

"மாடு மிதிச்சிருக்கும்."

"மாடு மிதிச்சா உருளும். அளந்து வச்ச மாதிரித் திரும்புமாக்கும்?"

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மணி மாலை 5.22. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரத்தை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், இதைப் படிப்பவர்கள் கட்டுக்கதை என்று தள்ளிவிடக் கூடாது. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எனக்கும் என் அண்ணனுக்கும் நடந்தது இது. அவன் முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறது.

என் பெயர் லாமியா. ஊர் புதுமடம். அண்ணன் பெயர் அஃப்ரித். நான் காக்கா என்று கூப்பிடுவேன். ஏழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு, இனி போகமாட்டேன் என்று சொல்லி வந்தவன். வரும்போது ஒரு சைக்கிள் கொண்டுவந்தான். தடித்த டயர், வளைந்த ஹேண்டில்பார். சரளையிலும் மணலிலும் ஓடும். எங்கள் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் பாதைக்கா பஞ்சம்? கண்மாய்க்கரை, பனங்காடு, உப்பளத்து வண்டித்தடம், நாரை இறங்கும் உப்பங்கழி. திருப்புல்லாணியில் கிளம்பி, தாரைத் தொடாமல் முப்பத்தோரு கிலோமீட்டர் சுற்றிப் புதுமடம் கடற்கரைக்கு வர அவன் ஒரு பாதை கண்டுபிடித்திருந்தான்.

"முள்ளுக்காட்டுல சைக்கிள் மிதிக்கிறதுக்கு ஆளு வருமாம்ல!" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

ஆள் வந்தது. மதுரையிலிருந்து பன்னிரண்டு பேர். ஞாயிறு காலை முதல் சவாரி. அது நல்லபடியாக நடந்தால் காக்கா ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் விசா, மறுபடியும் விமானம்.

பாதை பிரியும் இடங்களில் அம்புக்குறி வேண்டும். முந்தின மாதம் நட்ட பலகைகளை யாரோ அடுப்பெரிக்கத் தூக்கிப் போய்விட்டார்கள். கல்லில் வரைந்து வைத்தால் யார் எடுக்கப்போகிறார்கள் என்றான் காக்கா. ஆனால் அந்தப் பொட்டலில் கல் ஏது? சரளை உண்டு, கிளிஞ்சல் உண்டு. தூக்கி வைக்கிற மாதிரி ஒரு கல் கிடையாது.

பதினான்காவது கிலோமீட்டரில் மட்டும் ஒரு குவியல் இருந்தது. சீமைக்கருவேல முட்களுக்கு நடுவில், என் இடுப்பு உயரத்துக்கு.

"பாத்தியா? நமக்குன்னே கொட்டி வச்சிருக்காங்க."

ஒன்பது கல் எடுத்தோம். ஒன்று பவளப்பாறைத் துண்டு. ஒன்று செங்கல். ஒன்று கருங்கல். ஒன்று பாதியாக உடைந்த அம்மி. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. வெவ்வேறு வீடுகளிலிருந்து கொண்டுவந்து போட்டது போல் இருந்தது. அப்போது எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

மஞ்சள் பெயின்ட். ஒன்பது அம்பு. சைக்கிள் பைகளில் சுமந்து, அங்கங்கே வைத்து முடித்தபோது மணி 2.10. பிறகு, புதிதாக வருகிறவர்கள் போல அம்பைப் பார்த்தே ஓட்டிப் பார்ப்போம் என்று தொடக்கத்திலிருந்து மறுபடி வந்தோம். அப்போதுதான் நான்காவது கல் திரும்பி இருந்தது.

காக்கா குனிந்து அதைச் சரியாக வைத்தான். நிமிர்ந்து விரலைக் காட்டினான். மஞ்சள் ஒட்டியிருந்தது.

அந்த வெயிலில், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியும் பெயின்ட் காயவில்லை.

5.40. ஐந்தாவது கல். அதுவும் திரும்பி இருந்தது. இந்தமுறை பக்கத்தில் ஈர மண்ணில் காலடி இருந்தது. செருப்பில்லாத கால். விரல்கள் மட்டும் பதிந்திருந்தன. குதிகால் இல்லை.

"யாரோ ஓடியிருக்காங்க," என்றேன்.

"எவனோ வேணும்னே பண்றான். நாளைக்கு நம்மள அசிங்கப்படுத்தணும்னு."

காலடியை எண்ணினேன். கல் வரைக்கும் பதினொன்று. கல்லிலிருந்து திரும்பிப் போன தடம் எங்கும் இல்லை.

5.52. மிதிக்கும்போது ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

டக்.

கல்லின் மேல் கல் வைக்கிற சத்தம். நாங்கள் நின்றால் நின்றது. மிதித்தால்... டக். டக்.

காக்கா வேகத்தைக் கூட்டினான்.

6.11. முட்களைத் தாண்டித் திரும்பினோம். எதிரே அந்தக் குவியல்.

கைபேசி மேப்பில் பார்த்தேன். நாங்கள் குறித்து வைத்திருந்த குவியல் ஆறு கிலோமீட்டர் பின்னால் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அது என் கண்ணெதிரே இருந்தது.

காலையில் நாங்கள் மேலிருந்துதான் கல் எடுத்தோம். இப்போது மேலே எதுவும் கலையவில்லை. அடியில் ஒரு பொந்து இருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவு. கற்கள் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தன.

உள்ளேயிருந்து தள்ளியது போல்.

"திருப்பு," என்றான் காக்கா. "சைக்கிளைத் திருப்பு புள்ள."

6.14. முதல் கல் வந்தது.

அவன் முன் சக்கரத்தில் விழுந்தது. கம்பிகள் அறுந்தன. சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் உப்பளம். கண்ணுக்கு எட்டின தூரம் வெட்டவெளி. மறுபக்கம் முழங்கால் உயர முள். ஒளிய இடமே இல்லை.

யாரும் இல்லை.

இரண்டாவது கல். அவன் முதுகில்.

விழுந்தான்.

மூன்றாவது கல் என் காலடியில் வந்து நின்றது. பாதி அம்மி. அதில் எங்கள் அம்பு. பெயின்ட் ஈரமாக இருந்தது.

அம்பு என்னைக் காட்டியது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி ஓடிக் களைத்த மூச்சு... என் காதுக்குப் பக்கத்தில்.

6.27. புதுமடம் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டது. மெல்லிசாக, காற்றில்.

அந்தத் திசைக்கு ஓடினோம். சைக்கிளை விட்டுவிட்டு, முள்ளில் கிழிபட்டு, அம்பு எதையும் பார்க்காமல்.

கரிமூட்டம் போடும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கரி அள்ளுகிற ஓர் அம்மா கம்போடு நின்றிருந்தார். பெயர் இருளம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"அங்கனயே நில்லுங்க! கையில கல்லு இருக்கா?"

"இல்லம்மா. கொஞ்சம் தண்ணி..."

"மொதல்ல பையை உதறு. பாக்கெட்டையும் உதறு."

உதறினோம். அதற்குப் பிறகுதான் சொம்பைத் தந்தார். காக்காவின் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தார். பரிதாபப்படவில்லை.

"எத்தனை எடுத்தீக?"

"ஒன்பது."

"முப்பது வருசமா அங்கன போறவுக ஆளுக்கொரு கல்லு போட்டுட்டுத்தான் போறோம். அவன் எந்திரிச்சிரக் கூடாதுன்னு. எடுத்தவுக நீங்கதான் மொத ஆளு."

"யாரும்மா அவன்?"

"வெளியூர்க்காரன். வழி தப்பி வந்தவன். படகு எஞ்சினு களவாங்க வந்தவன்னு வெரட்டுனாக. அடிக்கிறதுக்கு வீட்டுக்கு ஒரு கல்லு கொண்டாரச் சொன்னாக." கம்பால் நெருப்பைக் கிளறினார். "எங்க வீட்ல கல்லு இல்ல. அம்மிதான் இருந்துச்சு."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"விடியிறதுக்குள்ள ஒம்பதையும் கொண்டுபோயிப் போட்டுருங்க. இனி இந்தப் பக்கம் வந்தீகன்னா நானே அடிப்பேன்."

நாங்கள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் காக்காவுக்குப் பதினேழு தையல். சவாரி கிடையாது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதப்போனேன். படுத்தபடியே என் கையைப் பிடித்தான்.

"கல்லு வந்துச்சுன்னு எழுதாத. ஒருத்தனும் இனி வரமாட்டான். நான் கீழ விழுந்துட்டேன்னு போடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு போடு."

அப்படியே போட்டேன். இரவு 9.05. எல்லோரும் பார்த்தார்கள். உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்கள்.

ஞாயிறு காலை 5.38க்குக் குழுவில் ஒரு படம் வந்தது. மதுரைக் குழுவின் தலைவர் வினோத்குமார் அனுப்பியது. அவர்கள் முந்தின நாளே வந்து திருப்புல்லாணியில் தங்கியிருந்தார்கள்.

'அஃப்ரித் பாய் வராட்டி என்ன, ரூம் வாசல் வரைக்கும் அம்பு வச்சிருக்காரே! அதைப் பாத்தே போயிக்கிறோம். கிளம்பியாச்சு.'

படத்தைப் பெரிதாக்கினேன். விடுதிப் படிக்கட்டில் ஓர் உருண்டைக் கல். நாங்கள் எடுத்த ஒன்பதில் அப்படி ஒரு கல் இல்லை. திருப்புல்லாணி ஊருக்குள் நாங்கள் ஒரு கல்லும் வைக்கவில்லை.

மஞ்சள் அம்பு. ஈரம் மினுங்கியது. படியில் மஞ்சள் சொட்டியிருந்தது.

5.41க்கு அழைத்தேன். 5.43க்கு. 5.50க்கு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. 5.52க்கு மணியும் அடிக்கவில்லை.

அப்போது அனுப்பிய குரல்பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. ஒற்றை டிக்கோடு, போய்ச் சேராமல்.

"வினோத் அண்ணே, லாமியா பேசுறேன். காக்கா கீழ விழல, நான் பொய் சொல்லிட்டேன். அந்த அம்பு நாங்க வச்சது இல்ல. அதைப் பாத்துப் போகாதீங்க. எங்கன இருக்கீங்களோ அங்கனயே நின்னுருங்க, அண்ணே... இதைக் கேட்டதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பன்னெண்டு பேரும் இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க."