ஆறு வெள்ளைக் கார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினேன். சிரிக்காதீர்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்கு நான் கார் வாங்கிய கதை தெரியும். ஓட்டிப் பழகுகிறேன் பேர்வழி என்று விருதுநகர் பஜாரில் வாழைப்பழ வண்டியைச் சாய்த்த கதையும் தெரியும். காரின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். சின்னக் கார், வெள்ளை நிறம்... போதுமா?

இதே காரை வைத்திருப்பவர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு கிளப் இருப்பதை பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்தேன். பெரிய ஊர்களில் மாதாமாதம் கூடுகிறார்களாம். ‘உங்கள் ஊர்ச் சந்திப்பைத் தேடுங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. விருதுநகர் என்று அடித்தேன். அப்படி ஓர் ஊரே இல்லை என்றது. சிவகாசி? அதுவும் இல்லை. தீபாவளிக்கு நாடு பூராவும் காது கிழிகிறதே, அந்தச் சத்தம் எந்த ஊரிலிருந்து போகிறது என்று நினைத்தார்களோ! கடைசியில், ‘நீங்களே ஒன்றைத் தொடங்கலாமே’ என்று யோசனை வேறு.

ரோஷம் வந்துவிட்டது. தொடங்கினேன்.

கிளப்பை நடத்தும் சென்னைத் தம்பி மெயிலில் உற்சாகப்படுத்தினார். ‘எல்லாரும் வரிசையாப் போங்க மேடம். ஹெட்லைட்டைப் போட்டு, இடைவெளி விடாம, ஒரே ஸ்பீடுல போங்க. ஊரே வெளிய வந்து பாக்கும்!’

ஊர் பார்ப்பது இருக்கட்டும். முதலில் ஆள் வேண்டாமா?

கண்ணில் பட்ட இதே மாதிரிக் கார்களின் வைப்பரில் எல்லாம் என் பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டைச் செருகினேன். முதல் போன் அன்று சாயங்காலமே வந்தது. “எங்கன இடிச்சீக?” என்றார் ஒருவர், எடுத்த எடுப்பில். நான் இடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தேன். “இடிக்காம எதுக்கு நம்பர எழுதி வச்சிட்டுப் போறீக?” என்றவர், டார்ச் அடித்துக் காரைச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் போனை வைத்தார்.

இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சோப்பு விக்கிறீகளா, இன்சூரன்ஸா?” என்றார். மூன்றாமவர், “வீட்டுல சார் இருந்தாக் குடுங்கம்மா” என்றார். கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு பிரேக் எது, கிளட்ச் எது என்று இன்றுவரை தெரியாது. இருவரும் அரை மணி நேரம் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார்கள்.

ஆள் சேர்ந்த பிறகு நாள் சேரவில்லை. பங்குனியில் விருதுநகர்க்காரர்களுக்கு அம்மன் கோயில் பொங்கல். சித்திரையில் சிவகாசிக்காரர்களுக்குப் பொங்கல். வைகாசி முழுக்கக் கல்யாணம். ஆடியில் எதையும் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி பிறந்தால் பட்டாசு சீசன் – மூச்சு விட நேரமில்லை. தீபாவளி முடிந்தாலோ ஊரில் ஆளே இல்லை, எல்லாரும் டூர். வருஷத்தில் இவர்கள் எப்போதுதான் சும்மா இருப்பார்கள்? சண்டை போட்டு, ஆவணியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கினேன்.

இதில் எனக்கு வலது கையாக வாய்த்தவர் ராஜாமணி அண்ணாச்சி. சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறார். அச்சகம் வைத்திருப்பவர் கை சும்மா இருக்குமா? நான் கேட்காமலே கிளப்புக்கு ஸ்டிக்கர் அடித்துவிட்டார். வட்டமாக, தங்கக் கலரில், நடுவில் மூன்று கார்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, முன்கண்ணாடியில் பாதியை மறைக்கிற அளவில்.

“அண்ணாச்சி, தூரத்துல பாத்தா கவர்மென்ட் முத்திரை மாதிரி இருக்கே?”

“ஒரு கெத்து வேண்டாமா தங்கச்சி!”

இருபது பேர் வருகிறேன் என்றார்கள். அண்ணாச்சியுடையதையும் சேர்த்து ஆறு கார் வந்தது. ஆறும் வெள்ளை. நம் பக்கத்தில் கார் என்றால் வெள்ளைதானே? வெயிலுக்கும் நல்லது, விற்கும்போதும் நல்லது. விருதுநகரில் கிளம்பி, ஆமத்தூரில் டீ குடித்து, சிவகாசியில் அண்ணாச்சியைச் சேர்த்துக்கொண்டு, வெம்பக்கோட்டை அணையில் புளியோதரை சாப்பிடுவதாகத் திட்டம். சென்னைத் தம்பி சொன்னபடியே ஹெட்லைட், ஒரே ஸ்பீடு, இடைவெளி கிடையாது.

தாயில்பட்டிப் பக்கம் குறுக்கு வழி இருக்கிறது என்று அண்ணாச்சி முன்னால் போனார். அந்த வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் அவர் காரிலிருந்து ஆவி பறந்தது. ஸ்டிக்கர் ஒட்ட நேரம் இருந்த மனுஷனுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நேரம் இல்லை. எங்களிடம் புளியோதரை இருந்தது, முறுக்கு இருந்தது, ஐஸ் பெட்டி நிறையக் கலர் பாட்டில் இருந்தது. தண்ணீர் மட்டும் ஒரே ஒரு பாட்டில். அது ரேடியேட்டரின் தொண்டையை நனைக்கவும் போதவில்லை.

சரி, ஊருக்குள் தண்ணீர் கேட்கலாம் என்று இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன். தெருவில் ஆளே இல்லை. டீக்கடை பாதி சாத்தியிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, இறக்க ஆள் இல்லை. எந்த வீட்டைத் தட்டினாலும் பதில் இல்லை. உள்ளே ஆள் இருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. விருந்தாளிக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டிவிட்டுத்தான் ‘வாங்க’ என்கிற சீமை இது. ஒரு வாய்த் தண்ணீருக்கா இந்தப் பாடு? கடைசி வீட்டுக் கதவைக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற கார்களைப் பார்த்தாள்.

“எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீக?”

“ஆபீஸ் இல்லம்மா. நாங்க கார் கிளப்.”

“அப்படின்னா?”

“ஒரே மாதிரி கார் வச்சிருக்கவங்க ஒண்ணாச் சேந்து போறது...”

“எங்க?”

“எங்கேயும் இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா?” என்றாள். திரும்பக் கேட்டாள். “சும்மாவா வந்தீக?”

கதவை முழுக்கத் திறந்தாள். தரை பூராவும் தண்ணீர். அண்டாவிலும் வாளியிலும் பின்னி முடித்த சரவெடிகள் ஊறி, சிவப்புக் காகிதம் சாயம் விட்டுக்கொண்டிருந்தது. மூலையில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். வெடியை வீட்டில் வைத்துப் பின்னக் கூடாது. ஆபத்து, சட்டப்படி தப்பு. அது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும். சீசன் நேரத்தில் வெள்ளைக் கார்கள் வரிசையாக, பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் முத்திரையோடு வந்தால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். ரெய்டு. சரக்கைத் தண்ணீரில் அமுக்கிவிட்டால் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அன்று காலை அந்தத் தெருவே அதைத்தான் செய்திருக்கிறது.

“ஒரு வாரமா நானும் எங்க அத்தையும் கண்ணு முழிச்சுப் பின்னுனது. சாயங்காலம் கொண்டுபோய்க் குடுக்கணும்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி காலிப் பாட்டிலோடு பின்னால் வந்து நின்றார். “தாயி, ரேடியேட்டருக்கு ஒரு கொடம் தண்ணி கெடைக்குமா?”

அவள் அவரையும், அவர் கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தாள்.

“பைப்புல தண்ணி வந்து எட்டு நாளாச்சு. வீட்டுல இருந்த தண்ணி அம்புட்டையும் ஒங்களுக்குத்தான் ஊத்தியிருக்கேன்.”

அண்ணாச்சி பாட்டிலைக் கீழே வைத்தார். திரும்பிப் போய், ஆறு கார்களிலும் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். நல்ல பசை போட்டிருந்தார், லேசில் வரவில்லை. என் காரை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போய், டிக்கி கொள்ளும் மட்டும் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு கேன் ரேடியேட்டருக்கு, மற்றவை தெருவுக்கு. அவளும் ஒன்றை வாங்கிக்கொண்டாள். “இதக் குடிச்சுக்கிடலாம். பின்னுனதுக்கு என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அணைக்கு நாங்கள் போகவில்லை. ஒவ்வொரு காராக, விளக்கை அணைத்துவிட்டு, வேறு வேறு வழியில் வீடு திரும்பினோம்.

நேற்று சென்னைத் தம்பியிடமிருந்து மெயில். ‘என்ன மேடம், போட்டோவே அனுப்பல? ஊரே வெளிய வந்து பாத்துச்சா?’

பதில் போட்டிருக்கிறேன். ‘இல்லை தம்பி. ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.’