வெள்ளத்தன்று அத்தையோடு ஆடிய போக்கர்

போக்கர் என்ற சீட்டாட்டத்தை நான் கற்றது பெங்களூரில், வேலைக்குப் போன புதிதில், விடுதித் தோழிகளிடம். கல்யாணமாகி சேரன்மகாதேவிக்கு வந்தபின் மறந்தே போயிருந்தேன். ஆற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் புகுந்த அன்றுதான் மறுபடி சீட்டை எடுத்தேன்.

திருநெல்வேலிக்குப் போயிருந்த கணவர், வழியெல்லாம் தண்ணீர் என்று அங்கேயே மாட்டிக்கொண்டார். மாடி வீட்டில் நானும் மாமியாரும். கீழே குடியிருந்த மளிகைக்கடை அண்ணாச்சி, தண்ணீர் வாசலைத் தாண்டியதும் அரிசிச் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதந்து சுவரில் மோதிக்கொண்டிருந்தது. டங், டங் என்ற சத்தம் மாடிவரை கேட்டது.

அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்கத்தான் போக்கர் சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து, பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. அண்ணாச்சிக்கு ரம்மி தெரியும். அத்தைக்குக் கழுதை ஆட்டம் மட்டும்.

நடுவில் மூன்று ஆட்டின் சீட்டு விழுந்தது. என் கையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஐந்தும் ஆட்டினாகச் சேர்ந்து பெரிய கை அமைந்துவிட்ட மாதிரி கொட்டைகளைக் குவியலாகத் தள்ளினேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜெயிக்க முடியாதென்று சீட்டைக் கவிழ்த்து விலகினார்.

அத்தை கவிழ்க்கவில்லை. "நீ என்னத்த வச்சிருக்கன்னு பாக்கணும்லா" என்று தன் கொட்டைகளையும் தள்ளினார். அவரிடம் இருந்தது ஒரு ஜோடி நாலு. அதுவே ஜெயித்தது.

புதிதாக ஆடுகிறவர்களிடம் பொய்யாட்டம் ஆடக்கூடாது என்பது தோழிகள் எனக்குச் சொன்ன முதல் பாடம். நம் பந்தயம் என்ன சொல்கிறது என்று அவர்கள் கணக்குப் போடுவதில்லை. நம் சீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் அவர்களுக்கு. அதனால் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், வந்தபின் தாராளமாகத் தள்ளலாம். அதன்பிறகு அப்படியே ஆடினேன். ராஜா ஜோடி வந்தபோது அத்தையின் கொட்டை பூராவும் என் பக்கம் வந்தது. கொஞ்ச நேரம் மூவரும் சிரித்தோம்கூட.

சிலிண்டர் சத்தம் நின்றது. கீழ்வீடு பூராவும் மூழ்கிவிட்டதோ என்று அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தண்ணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். படி திரும்பும் இடம் மூழ்கியிருந்தது. பழுப்புத் தண்ணீர் அடுத்த படியை நக்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தைக்கு இருதய நோய். சொன்னால் என்ன ஆகுமோ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"கீழ எப்படி இருக்கு?" என்றார் அத்தை.

"அப்படியேதான் இருக்கு. வடியுத மாதிரிகூடத் தெரியுது."

அண்ணாச்சி, "அப்பாடா" என்று சீட்டைக் கலைத்தார். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறிய? ஆட்டம் இருக்குல்லா?"

"இரிட்டீ, ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

தடுக்கப் போனேன். கேட்கவில்லை. ஈரப்படியில் அவர் கால் வழுக்கியது. பின்னால் போன நான் சேலையைப் பிடித்தேன், ஓடிவந்த அண்ணாச்சி தோளைப் பிடித்தார். மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அத்தையின் ஒரு கால் தண்ணீருக்குள் இருந்தது.

"ஏட்டி, இதையா வடியுதுன்ன?" என்றார். கோபப்படவில்லை. "அண்ணாச்சி, தார்ப்பாய எடுங்க. மொட்டை மாடிக்குப் போயிருவோம். நீ என் மாத்திரைய எடு."

மேலே தார்ப்பாய்க்கு அடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். தெரு ஆறாகவே ஓடியது. ஒரு வைக்கோல் படப்பு முழுசாக மிதந்து போனது. அத்தை என் கையை விடவேயில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. பயமாத்தான் இருக்கு. ஒனக்கு?"

"எனக்கும்தான் அத்தை" என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

இருட்டுமுன் மழை விட்டது. தண்ணீர் எங்கள் நிலைவாசலுக்குக் கீழேயே நின்று, மறுநாள் வடிந்தது. முழங்காலளவு சகதியில் நடந்துவந்த கணவரைப் பார்த்ததும் அண்ணாச்சிதான் முதலில் அழுதார். கீழே அவருக்கென்று ஒன்றுமே மிஞ்சவில்லை. மாதக்கணக்கில் எங்களோடுதான் சாப்பிட்டார்.