திசை காட்டும் கருவியோடு ஒரு கிரிவலம்

பௌர்ணமியை விட்டுவிட்டு ஒரு சாதாரணப் புதன்கிழமை நான் திருவண்ணாமலைக்குப் போனதற்குக் காரணம் என் தோழி தேவகி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை. எத்தனையோ முறை மலையைச் சுற்றியிருக்கிறாள். ஆனால் கும்பிடும் இடம் வந்தால் யாராவது தோளைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பி விடுவார்கள்.

"பீரோவ நகத்தற மாதிரி நகத்தறாங்கடி. ஒரு தடவையாவது நானே திரும்பிக் கும்புடணும்" என்றாள் போனில். சென்சார்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. சும்மா இருக்க முடியுமா?

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்தேன். நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். பார்க்கும் திசையைக் காந்தமானி சொல்லும். கருவி சாய்ந்திருந்தால் முடுக்கமானி அதைக் கணக்கில் சேர்க்கும். முகம் மலைக்கு நேராக வந்ததும் கருவி அதிரும். வேலூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். லாட்ஜில் கருவியை ஆறு பக்கமும் அசையாமல் வைத்துப் பார்த்தேன். புவியீர்ப்பு ஒரே அளவாக வந்தது. எல்லாத் திசையிலும் சுழற்றிக் காந்தமானியையும் சரிபார்த்தேன். கொஞ்சம் கர்வமாகவே தூங்கினேன்.

காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தில் தொடங்கினோம். எம லிங்கத்தருகே தேவகி நின்றாள், மெதுவாகத் திரும்பினாள். நெஞ்சில் தொங்கிய கருவி அதிர்ந்தது. கண்மூடிக் கைகூப்பினாள். மலை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே டீக்கடை.

"எதுக்குங்க என்னப் போய்க் கும்புடறீங்க? டீ தான வேணும்?" என்று பதறினார் கடைக்காரர்.

தேவகி சிரிக்கவில்லை. "இதுக்கு அவங்க தோளப் புடிச்சித் திருப்பறதே தேவல" என்றாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து காந்தமானியின் அளவுகளைப் பார்த்தேன். நடுவில் உட்கார வேண்டிய புள்ளிகள் மொத்தமாக ஓரத்துக்கு நகர்ந்திருந்தன. பக்கத்தில் ஏதோ காந்தம்! தேடினால், அவள் கழுத்திலேயே தொங்கியது போன் பை. அதன் மூடியில் காந்த பட்டன். நேற்று சரிபார்த்தபோது அது அவள் வீட்டில் இருந்தது. பையை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, மறுபடி சரிபார்க்க நடுரோட்டில் கருவியைக் காற்றில் எட்டு போடுவதுபோலச் சுழற்றினேன். ஏதோ பரிகாரம் என்று நினைத்து இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள்.

அடி அண்ணாமலையை அடைந்தபோது ஏழே முக்கால். மேகமூட்டம், திசையை ஊகிக்க முகத்தில் வெயில்கூடப் படவில்லை. தேவகி நின்றாள். "வாயத் தொறக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதிர்வைக் கொஞ்சம் தாண்டிப் போனாள், திரும்ப வந்தாள், நின்றாள். நேர் எதிரே மலை, முழுசாக. எனக்கு மெய்சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத பூமியின் காந்தம், விரல்நகம் அளவு சில்லு, அவ்வளவு பெரிய மலை, மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. அவள் கையை இறக்கவே இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

மொத்தம் பதினான்கு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். போனில் திசைகாட்டி பார்ப்பவர்கள் காந்த மூடி போட்ட உறையைக் கழற்றிவிடுங்கள். கூட வருபவருக்குப் பார்வை இல்லையென்றால், மலை எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் வாயால் சொல்லுங்கள். திரும்புவது அவர் வேலை.