சராசரியாகப் பார்த்தால் கூப்பிடு தூரம்

எங்கள் ஆய்வு அலுவலகத்துத் தலைவருக்கு எதற்கும் ஒரே ஒரு இலக்கம் போதும். இரண்டாவது இலக்கத்தைக் காட்டினால் சேருக்குத் தலையிடி வந்துவிடும்.

மூதூர்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில், குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தோம். ரோட்டோரத்து வீடுகளுக்கு முற்றத்திலேயே பைப். கடைசி ஒழுங்கையில் சில வீடுகளுக்கு மட்டும் உப்புக் கிணறு. அங்கேயிருந்து ரோட்டுப் பைப்புக்குக் குடத்தோடு போய்வந்தால் நாக்குத் தள்ளும். சேர் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார். சராசரி, கூப்பிடு தூரம். அடடா, எந்த அரசாங்கமும் செய்யாத அபிவிருத்தி!

"சராசரியில நம்பிக்கை இல்லையெண்டால் இடையத்தைப் பாப்பம்" என்று தூரங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, வரிசையில் நட்டநடுவே நின்ற வீட்டைப் பிடித்தார். அந்த முற்றத்திலும் பைப். தூரம் பூச்சியம். "பாத்தீங்களே, இது இன்னும் நல்லம்!"

"வீச்சையும் போடுவம் சேர். ஆகக் கிட்டடி வீட்டுக்கும் ஆகத் தூர வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்."

"அதையெல்லாம் ஆர் வாசிக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறிக்கையை வைத்துத்தான் அந்த ஒழுங்கைக்குப் பைப் போடுவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். விடாமல் நச்சரித்ததில், நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். உடனே கடைசி வீட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டித் தண்ணீர் தூக்குகிறவர் அவர்.

"அக்கா, நாளைக்குச் சேர் வாறார். தேத்தண்ணியை உங்கட கிணத்துத் தண்ணியில போடுங்கோ. ஒரு வாய் குடிச்சால் அவருக்கு எல்லாம் விளங்கும்."

"ஓம் பிள்ளை."

மறுநாள் சேர் கதிரையில் சாய்ந்திருந்து ஒரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்தது. "அருமையான தேத்தண்ணி! தண்ணியில ஒரு குறையும் இல்லையே!" என்னுடையதைக் குடித்துப் பார்த்தேன். பாழாய்ப்போன தேநீர், தேனாக இருந்தது.

குசினிக்குள் ஓடினேன். அக்கா தனக்கென்று தனியாக ஊற்றி வைத்திருந்ததை வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"என்னக்கா இது? சொன்னனான் தானே!"

"வீட்டுக்கு வந்த மனிசருக்கு உப்புத் தேத்தண்ணி குடுக்க எனக்கு ஏலாது பிள்ளை."

வெளியிலிருந்து சேரின் குரல் கேட்டது. "இன்னொரு கோப்பை கிடைக்குமோ?"

"இருங்கோ ஐயா, இந்தா வாறன்" என்ற அக்கா, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நொண்டினார்.

"எங்க போறா?" என்றார் சேர்.

"தண்ணிக்கு. கூப்பிடு தூரந்தானே சேர், இப்ப வந்திடுவா."

சேர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கி வெகுநேரமாகியும் அக்கா திரும்பவில்லை.